ஹார்ட் டிஸ்க்கில் ஏறாத கனகலிங்கம்

பிரிக்ஃபீல்ட்ஸ் கனகலிங்கம் வாழ்நாளில் எதற்கும் காத்திருந்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணியாக இருந்து, மற்றவர்களைக் காக்கவைத்தே பென்ஷன் வாங்கியவர். மேசைமுன் வந்து நிற்பவரிடம், "முடிஞ்சிருச்சு, போங்க" என்பார். ஒன்றும் முடிந்திருக்காது. விண்ணப்பம் பக்கத்துத் தட்டில் விழும். தட்டு நிறைந்து வழிந்த பிறகே எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பதிவறைக்கு அனுப்புவார். வந்தவர் சிரித்த முகத்தோடு போவதைப் பார்த்து, தன்னைப்போல் சுறுசுறுப்பான ஆள் சிலாங்கூரிலேயே கிடையாது என்று மனதார நம்பினார்.

அப்படிப்பட்டவருக்கு 1993இல் அறுபது வயதாயிற்று. கிள்ளானில் மண்டபம் பிடித்து விழா. அங்கே தன் வாழ்க்கை வரலாற்றை வாசிப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதை எழுதாமல் போனால் நாடு அநாதையாகிவிடும் என்பது அவர் கவலை. வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த மகள் இராசேஸ்வரி வாங்கித் தந்த பெட்டியில், ஒற்றை விரலால், ஆங்கிலத்தில், மாதக்கணக்காகத் தட்டினார். பேப்பரில் எழுதுவது பாமரர் வேலையாம். ஃபிளாப்பியில் ஒரு நகல் எடுக்கச் சொன்னாள் மகள்.

"என் வாழ்க்கைக்கு நகல் கிடையாது" என்றார்.

பெட்டி மெதுவாக ஓடுகிறது என்று அவர் முணுமுணுத்ததால், விழாவுக்கு முந்தின வாரம் மகள் அதில் புதிய சிஸ்டம் போட்டாள்.

"அப்பா, இது வேகமா இருக்கும். ஆனா டிஸ்க்குல உடனே எழுதாது. எழுத வேண்டியத மெமரியில வச்சுக்கிட்டு, 'முடிஞ்சது'ன்னு காட்டிடும். அப்புறமா சேர்த்து எழுதும். கரண்ட் போனா மெமரி காலி. முன்னால சின்ன லைட் மினுக்குறது நிக்கிறவரைக்கும் சுவிட்சத் தொடாதீங்க லா."

"சர்க்காரையே ஓட்டினவன் நான். எனக்கு லைட்டப் பாக்கக் கத்துத்தரியா?"

விழாவுக்கு முந்தின மதியம் கடைசி முற்றுப்புள்ளியை வைத்துச் சேமிக்கச் சொன்னார். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. அடேயப்பா, என்ன வேகம்! பெருமையோடு திரையை மூடினார். லைட் இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதையெல்லாம் பார்ப்பது கீழ்நிலைச் சிப்பந்திகள் வேலை. எழுந்த கையோடு சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார்.

மறுநாள் காலை அச்சடித்து எடுக்க உட்கார்ந்தபோது கோப்பைக் காணோம்.

"பழசை அழிச்சிருச்சுப்பா. புதுசை எழுதறதுக்குள்ள நீங்க அணைச்சுட்டீங்க" என்றாள் மகள். தேடித் துழாவியதில் மிஞ்சியது அரைப் பக்கக் கிறுக்கல்.

"செய்யாமலே செஞ்சாச்சுன்னு சொல்லுமா? அயோக்கிய மெஷின்! இத யார் கேக்கறது?"

அடுப்படியிலிருந்த மனைவி நேசம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க ஆபீஸுல ட்ரெயினிங் எடுத்திருக்குமோ?"

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனகலிங்கத்துக்கு அது எட்டவில்லை. மெஷின் வேறு, தான் வேறு என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"எல்லாம் என் மண்டையில இருக்கு" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். பிறந்தார். வேலைக்குச் சேர்ந்தார். ஈப்போவுக்கு மாற்றினார்கள், திரும்பி வந்தார். சம்பளம் உயர்ந்தது, பிறகு இன்னொரு தரம் உயர்ந்தது. அடுத்தது என்னவென்று மண்டைக்குள் துழாவினார். யாரிடம் அன்பாக ஒரு வார்த்தை சொன்னோம், யாருக்கு என்ன செய்தோம், ஒன்றும் கைக்குச் சிக்கவில்லை. முன்வரிசையில் சம்பந்தி சண்முகரத்தினம் கடித்த வடையை விழுங்குவதற்குள் அறுபது வருஷமும் தீர்ந்துவிட்டது.

"அவ்வளவுதான்" என்றார் கனகலிங்கம், தனக்கே கேட்காத குரலில்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பந்தி இவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.