ஒரு கோட்டுக்குப் பெயர் தேடியது

தோல் வைத்தியத்தில் நோய் கண்ணெதிரே கிடக்கும். இன்னதென்று சொல்வதுதான் கடினம். இத்தொழிலில் உழலும் நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தையைத் தூக்கிவருவோர் சொல்வதை, ஒரு சொல்லும் மாறாமல் குறித்துக்கொள்வது என் வழக்கம். அக்குறிப்பிலிருந்து ஒரு கோட்டின் கதை.

சாட்டை

பெட்ரோல் பங்கீட்டால் ஜட்கா வண்டிக்கு மறுபடியும் மவுசு வந்திருந்த யுத்த காலம். சைதாப்பேட்டை ஜட்காக்காரர் ஒருவர், மனைவியோடு, நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூரில் என் வைத்தியசாலைக்கு வந்தார். குழந்தையின் இடத்தொடையிலிருந்து கணுக்கால்வரை ஒரே கோடு. என் கம்பவுண்டர் கோட்டைப் பார்த்தார், தகப்பனார் கையிலிருந்த சாட்டையைப் பார்த்தார், "அடிச்சியா?" என்று கேட்டேவிட்டார்.

"குதுரயவே அடிக்க மாட்டேன் நைனா, கொயந்தயவா அடிப்பேன்?"

சீட்டு

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடிபட்ட தழும்பன்று, வெளுத்த, குருணையளவு பருக்கள் வரிசைகட்டி நின்றன. "மேலேர்ந்து வயிஞ்சிகினு வந்துச்சு" என்றாள் தாய். "இல்ல, கீயேர்ந்து ஏறிச்சு" என்றார் தகப்பனார். இரண்டையும் எழுதிக்கொண்டேன். வெளுப்பைக் கண்டதும் நான் அஞ்சிய சொல்லை அவர்கள் தெரு முன்பே சொல்லிவிட்டிருந்தது: பெருநோய், அதாவது குஷ்டம். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டர் சீட்டு வராவிட்டால் குழந்தையைப் பெருநோய் விடுதியில் விட வேண்டும், அல்லது குடும்பமே வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார்.

தாய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "பேரு இன்னான்னு தெரியாட்டி போவுது டாக்டரே, அது இல்லன்னு மட்டும் எய்திக் குடு."

பஞ்சு

பெருநோயானால் அவ்விடத்தில் உணர்ச்சி இராது. குழந்தையின் கண்ணைத் துணியால் கட்டி, "தொட்டால் சொல்" என்று கோட்டின்மேல் பஞ்சால் தொட்டேன். மௌனம். சற்றுக் கீழே தொட்டேன். மௌனம். தாயின் முந்தானை வாய்க்குள் போயிற்று. தகப்பனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சீட்டெழுத எடுத்த பேனாவை நான் மூடினேன்.

ஒரே சாட்சியை நம்பிப் பழகாதவனாதலால், நோயற்ற வலக்காலையும் தொட்டேன். அங்கும் மௌனம். கன்னத்தைத் தொட்டேன், அதற்கும் மௌனம்! கட்டை அவிழ்த்து ஏன் என்று கேட்டால், வாயைத் திறந்தால் டாக்டர் ஊசி போடுவார் என்று அம்மா சொன்னாளாம். ஊசிகளையெல்லாம் கம்பவுண்டர் அவள் பார்க்க வெளியே கொண்டுபோனார். மீண்டும் கண்ணைக் கட்டினேன். கோட்டில் பஞ்சு பட்ட இடமெல்லாம் "தொட்ட", "தொட்ட" என்றாள். ஐயம் தீரக் கடைசியாகத் தொட்ட இடத்தையே மறுபடியும் தொட்டேன்.

"இப்பதான அங்க தொட்ட, திரும்ப இன்னாத்துக்குத் தொடுற?"

ஓராண்டில் மருந்தில்லாமலே மறைந்துபோன அந்தக் கோட்டுக்கு, அன்றே சீட்டில் எழுதிக்கொடுத்த "அது அன்று" என்பதற்குமேல் ஒரு பெயரை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை என்பதே என் நிபுணத்துவத்தின் சுருக்கம்.