கணவனுக்கு வந்த வாசகர்கள்

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பதினோரு வருட அனுபவம். வருகிறவர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். முகத்துக்குத் தக்க பிரேமை எடுத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்தால் எழுத்து. ஆறு வருடமாகச் சொந்தமாக ஒரு வலைத்தளம் நடத்திவந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டுரை ஏறிவிட வேண்டும். வாசிப்பின் அவசியம், தனிமையின் பயன், பெண்களின் ஓய்வு நேரம் என்று முந்நூறைத் தாண்டியிருந்தாள். ஒவ்வொன்றையும் நான்கு முறை திருத்துவாள். ஓர் ஒற்று விடுபட்டது தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

படிப்பவர்கள் நாற்பது பேர். அதிலும் இரண்டு மூன்று, அவளே கைப்பேசியிலும் கடைக் கணினியிலும் திறந்து பார்த்த கணக்கு.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். எழுதுவது அவனுக்கு ஆகாத வேலை. மனைவியின் கட்டுரையைத் திறந்ததும் அடுத்த நொடியே "நல்லாருக்கு" என்பான். பாதி கூடக் கீழே தள்ளிப் பார்த்திருக்க மாட்டான்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கொளுத்தியது. ஞாயிறு காலை வரை ஒரு வரி ஓடவில்லை.

"ஒரு வாரம் போடலன்னா என்ன, குடியா முழுகிடும்?" என்றான் கணவன்.

"ஆறு வருஷமா விட்டதே இல்லங்க. நீங்க ஏதாவது சொல்லுங்க, அப்படியே டைப் பண்ணிப் போட்டுடறேன்."

"நான் என்னத்தச் சொல்றது? நேத்து வேலையில நடந்தத வேணா சொல்றேன்."

ஆறாவது மாடியில் எதிரெதிர் வீட்டுப் பெண்கள் இருவர். வாசலில் செருப்பு அலமாரி வைத்த தகராறில் நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. இருவரும் ஒரே லிப்டில் மாட்டிக்கொண்டார்கள். ஐம்பது நிமிடம் கழித்துக் கதவை நெம்பித் திறந்தால், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரே பொட்டலத்து பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா? முக்கியமான கட்டத்துல இருந்தோம்" என்று ஒருத்தி அவனைக் கடிந்துகொண்டாள்.

தலையணைமேல் மடிக்கணினியை வைத்து, அவன் சொன்னதைச் சொன்னபடி அவள் தட்டிப் போட்டுவிட்டுப் படுத்தாள். மாலையில் எழுந்து பார்த்தபோது அதைப் பதினோராயிரம் பேர் படித்திருந்தார்கள்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் தளம் அல்லவா! பிறகு ஒவ்வொரு பின்னூட்டமாகப் படித்தாள். "லிப்ட்காரரே, அடுத்தது எப்போ?" என்றே எல்லாரும் கேட்டிருந்தார்கள். பக்கத்திலேயே அவளுடைய முந்நூறு கட்டுரைகளின் பட்டியல் இருந்தது. ஒருவர்கூட அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணி, அண்ணன் எழுதினத எங்க ஆபீஸே படிச்சுது! இவ்ளோ நாளா இந்தத் திறமைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தான்?"

"நான்தாம்மா டைப் பண்ணேன்" என்றாள்.

"டைப்தானே அண்ணி" என்றாள் நாத்தனார், வித்தியாசமாக எதுவும் நினைக்காமல். ஆறு வருடத்தில் அவள் அண்ணியின் கட்டுரையில் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

அதன்பின் ஒரு ஞாயிறு அவளுக்கு, ஒரு ஞாயிறு அவனுக்கு என்று ஆனது. காய் நறுக்கிக்கொண்டே அவன் சொல்வான், அவள் தட்டுவாள். அவன் வாரத்தில் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அவள் வாரத்தில் மறுபடி நாற்பது. கடையில் வில்லையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வயிறு எரியும். 'நாலு முறை திருத்தறவ நான். இந்த மனுஷன் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்றாரு' என்று உள்ளுக்குள் குமைவாள்.

நான்காவது கதையைச் சொல்லும்போது அவன் போகிற போக்கில் ஒன்று சொன்னான்: "கதவத் திறந்ததும் யாரும் மொதல்ல தேங்க்ஸ் சொல்ல மாட்டாங்க. மணி என்னன்னுதான் கேப்பாங்க."

அவள் விரல் நின்றது. அந்த மாதிரி ஒரு வரி தனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று தெரிந்தது. தட்டினாள். அவன் குளிக்கப் போனதும் அந்த வரியை அழித்துவிட்டு, கதையை ஏற்றினாள். அந்த வாரம் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. அவளுக்கு அன்று நன்றாகப் பசித்தது.

இரண்டு நாள் கழித்து அவன் கேட்டான். "அந்த மணி கேக்கற வரி காணோமே?"

"இடிச்சுது. எடுத்துட்டேன்."

"ஓ. சரி, உனக்குத் தெரியாததா" என்று போய்விட்டான். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த முறை அவன் மேசைக்கு நேரெதிரே நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "போட்டுக்க. மின்தூக்கி என்பது நவீன வாழ்வின் இன்றியமையாத அங்கம் என்பதை நாம் அனைவரும் அறிவோம்."

"இது என்னங்க?"

"ஒன்னோடது மூணு நாலு படிச்சேன், முழுசா. நீ எப்படி எழுதறேன்னு பாத்துக்கிட்டேன். இனிமே நீ எடுக்கற மாதிரி வராது."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் கேலி செய்யவில்லை. அவள் எழுத்தைத்தான் மரியாதையோடு அப்படியே சொல்லியிருந்தான். அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று முதல்முறையாகத் தன் காதாலேயே கேட்டாள்.

"அந்த வரி இடிக்கல" என்றாள். "ரொம்ப நல்லாருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"நல்லாருந்தா எதுக்கு எடுக்கணும்?"

"பொறாமைங்க. வேறென்ன."

அவன் எழுந்து போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களையே மறுபடி கழுவினான். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "என் வேலையப் பத்தி நான் பேசி இந்த வீட்ல யாராவது கேட்டது இதான் மொத தடவ. அதுலயும் கைய வெச்சுட்டியே."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அந்த வரியை எடுத்த இடத்திலேயே திரும்பச் சேர்த்தாள். பிறகு அவன் பெயரில் தனியாக ஒரு தளம் திறந்து, கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையையும் போட்டுக் கொடுத்தாள்.

"இனிமே நீங்களே டைப் பண்ணுங்க. என் கைய நானே நம்பல."

ஒரு வாரம் அவன் அளந்துதான் பேசினான். அப்புறம் ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஒரு கதையை எழுதிவிட்டு, "தப்பு இருந்தா சொல்லு, எடுக்காத" என்று நீட்டினான். அவள் எழுத்துப் பிழைகளை மட்டும் சொன்னாள்.

அவளும் வாசிப்பின் அவசியத்தை விட்டுவிட்டாள். கண் சோதிக்கும் அட்டையிலுள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கண் நன்றாகத் தெரிவதாகச் சாதித்த ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதினாள். இருநூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள். அவளுக்கு அது பெரிய கூட்டம். ஆனால் அதே நாளில் அவன் பக்கத்தில் ஆறாயிரம்.

இப்போதும் அவன் எண்ணிக்கை இறங்கினால் அவள் மனதில் சின்னதாக ஒரு குதூகலம் எழுந்து உட்காரும். அதை அவள் மறைப்பதில்லை.

"இந்த வாரம் உங்களுக்குப் பாதியாயிடுச்சு."

"சந்தோஷமா?"

"கொஞ்சம்" என்பாள்.