வேலை எனக்குத்தான்

2009-இல் என் வேலை போனது. திருப்பாப்புலியூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருபது வருஷத்துக்கும் மேலாக டைப் அடித்து, போன் எடுத்து, கணக்கும் பார்த்தேன். முதலாளி இறந்ததும் பிள்ளைகள் லாரிகளை விற்றுவிட்டார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

வேலை தேடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புத்திமதியைத்தான் பொறுக்க முடியவில்லை. சிதம்பரத்தில் இருக்கும் என் தம்பி தினமும் போன் செய்வான். "அக்கா, வீட்ல உக்காந்துகிட்டு இருந்தா எவன் கூப்புடுவான்? நாமதான் போயி முட்டணும்."

முட்டாமலா இருந்தேன்? ஜவுளிக்கடையில் கேட்டேன். "நாள் பூரா நிக்கணும்மா, ஒங்களால முடியாது" என்றார்கள். ஓர் இடத்தில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் டாலி தெரியுமா என்றதும், காலேஜ் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து அதையும் கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்த பெண் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு வரலையாம்மா?" என்றாள். வேலை எனக்குத்தான் என்றேன். பரிதாபமாகச் சிரித்தாள். அதற்கு அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த லட்சணத்தில் தம்பி என்னைக் கேட்காமலே, சிதம்பரத்தில் நடந்த ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புக்கு என் பேரைக் கொடுத்துவிட்டான். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல நரை விழுந்தவர்கள். டை கட்டிய இளைஞர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். "நீங்க ஆசைப்பட்ட ஆபீஸ் தெரியுதா? அந்தச் சீட்ல உக்காருங்க!"

பக்கத்தில் புவனகிரிக்காரர் ஒருவர் இருந்தார். ரைஸ் மில் கணக்கர், மில்லை மூடியதில் வேலையை இழந்தவர். கண்ணைத் திறக்காமலே மெல்லச் சொன்னார்: "எனக்கு ஆபீஸே தெரியலம்மா. கீழ சாம்பார் கொதிக்கிற வாசனைதான் வருது."

பிறகு எங்களைத் தடுப்பது எது என்று இளைஞர் கேட்டார். என்னை நோக்கி மைக்கை நீட்டினார். வயசு என்றேன்.

"அது வெறும் நம்பர் மேடம்! மறந்துடுங்க."

"நான் மறந்துட்டேன் சார். வேல குடுக்கறவுங்கதான் மறக்க மாட்டேங்கறாங்க."

"சூப்பர்! மேடத்துக்கு எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினார்கள். எனக்கு மண்டை காய்ந்தது.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னபோது, "நீ நெகட்டிவா பேசறே அக்கா" என்றான். "அப்படின்னா அடுத்த தடவ வேல கேக்கப் போறப்ப நீ என்கூட வா" என்று கத்திவிட்டேன். வந்தான். கடலூரில் ஒரு டைல்ஸ் கடை. பில் போட ஆள் வேண்டுமாம். முதலாளி எங்கள் இருவரையும் உட்காரவைத்து, என்னிடம் ஒரே கேள்வி கேட்டார், எந்த ஊர் என்று. பிறகு தம்பி பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன படிப்பு, பைக் ஓட்டுவீங்களா, எப்ப வரமுடியும்?

"சார், வேல எங்க அக்காவுக்கு" என்றான்.

"அவுங்க வீட்டப் பாத்துக்கட்டும். நீங்க வாங்களேன்."

வெளியே வந்ததும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். பஸ் ஏறும்போது, "சாப்ட்டுட்டுப் போயிருக்கலாம்க்கா" என்றான். அதன் பிறகு போனில் தன் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவான்.

கடைசியில் வேலை வந்தது பண்ருட்டியிலிருந்து. எங்கள் லாரிகளில் சரக்கு அனுப்பிய முந்திரி வியாபாரி ஒருவர், விசாரித்து என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். என் திறமையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எங்ககிட்ட எந்தப் பொண்ணும் நிக்கறதில்லம்மா. பழகறதுக்குள்ள கல்யாணம் ஆயிப் போயிடுதுங்க. ஒங்களுக்கு அந்தத் தொல்ல இல்லல்ல?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

முதல் நாள் போய் உட்கார்ந்ததும், கண் நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சேலத்திலிருந்து ஒருவர், லோடு ஏன் இன்னும் வரவில்லை என்று கத்தினார். லாரி நேற்றே கிளம்பிவிட்டது, டிரைவரைக் கேளுங்கள் என்று, பழைய ஆபீஸில் சொல்வதுபோலவே, நானும் பதிலுக்குக் கத்தினேன். ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக இருந்தது.