பெட்டி முழுக்க ‘இன்னாங்க’

போன வாரம் திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு பழைய பேப்பர் வண்டியில், காலிகோ துணியில் முதுகு வைத்துக் கட்டிய தொடர்கதை பைண்டு ஒன்று கிடந்தது. எடுத்து முகர்ந்தேன். வாசிப்பதற்கு முன் முகர்வது என் பழக்கம். வண்டிக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மைதாப் பசையும் மயில்துத்தமும் சேர்ந்த வாடை. பூச்சி அரிக்கக் கூடாதென்று பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். அந்த வாடை வந்தால் எனக்குச் சரோஜினியின் முகம் வரும்.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் போல்ட்டு, நட்டு செய்யும் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். சரோஜினி ஸ்டோர்ஸில் இருந்தாள், தேவகி பாக்கிங்கில். இருவரும் பொன்னேரியில் ஒரு போர்ஷன் எடுத்துச் சேர்ந்து குடியிருந்தார்கள். வாடகையை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று ஊர் நினைத்தது. ஊருக்கு வேறு எதையும் நினைக்கத் தெரியாமல் இருந்தது அவர்களுக்கு நல்லதாக இருந்தது.

காலை பாசஞ்சரில் லேடீஸ் பெட்டி எங்களுடையது. வாரப் பத்திரிகை வருகிற நாளில் தொடர்கதையை உரக்கப் படிப்பது என் பொறுப்பு. என் குரல் இனிமை என்பதால் அல்ல, ஒரு வரியும் விடமாட்டேன் என்பதால். கடைசியில் ‘தொடரும்’ என்பதையும் படிப்பேன். அதற்குச் சிரிப்பார்கள்.

கதையில் மலையூர் ஒன்றில் ஒரு டாக்டரம்மாவும் ஒரு டீச்சரும் ஒரே வீட்டில் வசிப்பார்கள். டீச்சர் டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “என்னங்க” என்பாள். முதல் தடவை அதைப் படித்தபோது பெட்டியே கைதட்டியது. மறுநாளே எல்லோருக்கும் அது தொற்றிவிட்டது. “இன்னாங்க, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க.” “இன்னாங்க, இன்னிக்கு இன்னா கொழம்பு?” கதைப் படத்தில் டாக்டரம்மா போட்டிருந்த கைக்கடிகாரம் போல நாலு பேர் வாங்கினார்கள், நானும் ஒருத்தி, என்னுடையது ஓடவே இல்லை. படத்தில் இருந்தவளைப் போலவே கண்ணாடி போட்டிருந்த சரோஜினிக்கு ‘டாக்டரம்மா’ என்று பட்டம் கட்டினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. தேவகியும் அவளை ‘இன்னாங்க’ என்றாள். மற்றவர்கள் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். தேவகி சிரிக்காமல் சொன்னாள்.

பத்திரிகையில் வாசகர் கடிதங்கள் மாறத் தொடங்கின. டீச்சருக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். குடும்பப் பத்திரிகைக்கு இது தகுமா என்றும் கேட்டார்கள். எழுத்தாளர் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டார். கதைக்குள் டீச்சருக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை வந்தார். மூன்றாம் வாரமே டாக்டரம்மா வில்லியானாள். கல்யாணத்தைத் தடுக்க டீச்சருக்குப் பாலில் மருந்து கலந்து கொடுத்தாள். அதை நான் படிக்கும்போது சரோஜினி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை, சின்னப்பொண்ணு என்கிற பாக்கிங் பெண் சொன்னாள்: “டாக்டரம்மா பாலு குடுத்தா வாங்கிக் குடிச்சிடாத தேவகி, பூடுவ.” பெட்டி சிரித்தது. பட்டம் அதேதான். அதற்குள் இருந்ததுதான் மாறிவிட்டது.

சரோஜினி தேவகியிடம் மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது. “இனிமே வெளிய அப்டி கூப்டாத. பேஜாரா பூடும்.” தேவகி தலையாட்டினாள். ஆனால் அந்த வார்த்தை நாக்கில் ஊறியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை பொன்னேரி பிளாட்பாரத்தில் தேவகியின் அண்ணன் நின்றிருந்தார். சோழவரம் பக்கத்தில் நெல் பயிரிடுகிறவர். தங்கைக்கு வரன் ஒன்று பார்த்துவிட்டுச் சொல்ல வந்திருந்தார். முதலில் இறங்கிய சரோஜினி அவரைக் கவனிக்காமல் படிக்கட்டைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னால் தேவகி, “இன்னாங்க, டிபன் பாக்ஸ வுட்டுட்டுப் போறீங்களே” என்று கூப்பிட்டாள். சரோஜினி திரும்பினாள்.

அண்ணன் சுற்றிலும் ஆண் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். “யாரம்மே கூப்ட்ட?”

சின்னப்பொண்ணுதான் வேடிக்கையாகச் சொன்னாள்: “அவங்க ஊட்டுக்காரரத்தான். தோ நிக்கறாங்களே, கண்ணாடி போட்டுக்கினு.”

அவர் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் தங்கையின் கையிலிருந்து வாங்கி பெஞ்சில் வைத்தார். “நட ஊட்டுக்கு” என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை தேவகி வேலைக்கு வரவில்லை. சரோஜினி சோழவரம் போய்த் திரும்பியபோது அவள் கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல் விழுந்திருந்தது. “ஊட்ல இல்லன்னுட்டாங்க. உள்ள இருமற சத்தம் கேட்டுது. அவ இருமல்தான்” என்றாள். தை மாதம் தேவகிக்குக் கல்யாணம் என்று யாரோ சொன்னார்கள். கதையிலும் அதே சமயத்தில் டாக்டரம்மா பள்ளத்தில் விழுந்து செத்து, டீச்சர் மாலையும் கழுத்துமாக நின்றாள். பெட்டிக்குப் பரம திருப்தி.

சரோஜினி வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்து வைத்திருந்த பக்கங்களைப் பொன்னேரி கடைத்தெரு பைண்டரிடம் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். அவரும் அந்தத் தொடரைப் படித்தவர், புரட்டிப் பார்த்தார். “முடிவக் காணோமேம்மா. மாப்ள வர்றதுக்கு முன்னாலயே நின்னுடுது.”

“அவ்ளோதாங்க கத. கட்டுங்க.”

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

சில வருடம் கழித்துப் பொன்னேரி சந்தையில் தேவகியைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. கணவர் கூட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். “கவிதா அப்பா” என்று கூப்பிட்டாள். கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கத்தரிக்காய்க்காரி, “இன்னாங்கன்னு ஒரு கொரல் குடேம்மா, திரும்புவாரு” என்றாள். தேவகி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்து போய் அவர் சட்டையைத் தொட்டாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ரயிலில் யாரும் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. பைண்டர் இருந்த இடத்தில் செருப்புக் கடை. தேரடி வண்டியில் கிடந்த பைண்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன். அதே கதை. கல்யாணப் படம் வரை எல்லாம் இருந்தது. சரோஜினியுடையது இல்லை. வைத்துவிட்டு வந்தேன்.