பெரியப்பாவின் ஜல்லி மேல் ஓடிய ரயில்

மழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ரயில் பாதைக்கு ஓடினோம். சின்னப் பாலத்தை ஒட்டி இருந்த மண்கரையைக் காணோம். ஏரி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் ஒரு வீட்டளவு மண்ணை அள்ளிக்கொண்டு பாலாற்றுக்குப் போய்விட்டது. தண்டவாளம் மட்டும் போகவில்லை. சிமெண்டுக் கட்டைகளோடு, துணி காயப்போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவ்வளவு அதிசயமான ஒன்றை அதுவரை நான் பார்த்ததேயில்லை. பள்ளிக்கூடமும் லீவு. சந்தோஷத்துக்குக் கேட்கவா வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஒற்றைப் பாதையில், பாலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவுக்குப் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவாள். பெருமழை பிடித்த அன்று போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். ரயிலும் இல்லை, ரோடும் இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. ஹாஸ்டலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குப் பொங்கிப் போட வேண்டியிருந்ததால் அவளை விடவும் மாட்டார்கள். ஒரே ஒரு தடவை யாருடைய போனிலிருந்தோ அப்பாவிடம் பேசினாள். பேசிய ஒரு நிமிடத்தில் பாதி நேரம் மாமாவைப் பற்றியே கேட்டாளாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ரயில்வேயில் கேங்மேன். பாதையைப் பார்த்துக்கொள்வதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. ஆரஞ்சு சட்டை போட்டு, தோளில் கடப்பாரையோடு தண்டவாளத்தின் மேல் அவர் நடந்து வந்தால், அந்தப் பாதையே அவருடையது என்று எனக்குத் தோன்றும். அவரும் அப்படித்தான் பேசுவார்.

மணல் மூட்டைகளும் பாறைகளும் வந்து இறங்கின. வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் காலையில் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றால் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவோம். மாமா விரட்டிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னையும் என் தம்பியையும் மற்ற பிள்ளைகளையும் கூட்டிவைத்து, மிகவும் ரகசியமாக ஒரு விஷயம் சொன்னார்.

"மேல போட்றதுக்கு கல்லு பத்தல. கருங்கல் ஜல்லி, எலுமிச்சம்பழம் சைஸ். இன்னா பண்றதுன்னே தெரீல. நீங்க பொறுக்கினு வந்தா ரயிலு வரும், உங்க அம்மாவும் வருவா. ஆனா ஆத்தாண்ட போவக்கூடாது. அங்க கீறது கூழாங்கல்லு, அது ஒதவாது."

எங்கள் ஊரில் எலுமிச்சம்பழ அளவுக் கருங்கல்லை எங்கே தேடுவது? முதல் நாள் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தோம். ஆளுக்கு நாலு கல்கூடத் தேறவில்லை. அப்போதுதான் தம்பி கண்டுபிடித்தான். பெரியப்பா புது வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி இறக்கி வைத்திருந்தார். வேலி ஓரத்தில், வெள்ளத்தில் கழுவிவிட்ட மாதிரி, பளபளவென்று ஒரு குன்று.

திருடுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ரயிலுக்குத்தானே கொடுக்கிறோம். புத்தகப் பையைக் காலி செய்தேன். ஒருத்தி தண்ணீர்க் குடம் கொண்டுவந்தாள். ஒருவன் அவன் அப்பாவின் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தான். இரண்டு நாள் எறும்பு மாதிரி சாரிசாரியாக நடந்தோம். தோள்பட்டை தோலுரிந்தது. நாங்கள் கொட்டக் கொட்ட மாமா, "அப்பிடிதான், இன்னும் வேணும்" என்று பாதைக்கு ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினார். இதற்குள் காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி நிறைய ஜல்லி வந்து நின்றது. அதைப் பார்த்தும் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அது போதாமல்தானே எங்களைக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் பெரியப்பா தன் குன்று பள்ளமானதைப் பார்த்துவிட்டார். வழியெல்லாம் சிந்திக் கிடந்த கல்லின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாலத்துக்கே வந்து சேர்ந்தார். இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். அவர் இருப்பதையும் பார்க்காமல் பெரியப்பா மாமாவைக் கேட்டார்:

"இன்னா மச்சான், என் ஜல்லி மேல ரயிலு வுட்றியா?"

மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நானும் தம்பியும் ஆரஞ்சு சட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். பெரியப்பா ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தவர், பள்ளத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே மார்பளவு தண்ணீரில் நின்று ஆட்கள் தண்டவாளத்துக்கு முட்டுக்கொடுக்க மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு, கல்லு கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். சாயங்காலத்துக்குள், தன் ஜல்லி இல்லாவிட்டால் ரயில்வேயே இல்லை என்று டீக்கடையில் அவர் பேசிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

முதலில் இன்ஜின் மட்டும் தனியாக வந்து போனது. மறுநாள் காலை பாசஞ்சர் வண்டி என்றார்கள். அன்று ஊரில் யாரும் வீட்டில் இல்லை. பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். தூரத்தில் ஹாரன் கேட்டதும் தம்பியை இழுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். வண்டி, ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. மாமா எங்கே என்று தேடினேன். கரையில் காணோம். பாலத்தை ஒட்டிக் கீழே குனிந்து பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில், அடுக்கி வைத்த மரக்கட்டைகளில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தண்டவாளத்தையே அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். எவ்வளவு நல்ல இடம் பிடித்துக்கொண்டார் என்று பொறாமையாக இருந்தது. "மாமா, மாமா" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

இன்ஜின் அவர் தலைக்கு மேலே ஏறியது. கட்டைகள் கிறீச்சிட்டன. தண்டவாளம் ஒரு விரல் அளவு அமுங்கி எழும்பியது. ஒரு பெட்டி. இரண்டு பெட்டி. மூன்றாவது பெட்டியின் வாசலில் அம்மா. நான் குதித்துக் குதித்துக் கை ஆட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே, தண்ணீருக்குள்ளே பார்த்தாள்.

ஊரே கைதட்டியது. நாங்கள் வண்டியோடு ஸ்டேஷன் வரைக்கும் ஓடினோம். அம்மா இறங்கினாள். தம்பி இடுப்பைக் கட்டிக்கொள்ளப் போனான். அவனை ஒதுக்கிவிட்டுப் பாதையோடு திரும்பி ஓடினாள். சேறு சொட்டச் சொட்ட மாமா சிரித்துக்கொண்டே கரை ஏறி வந்தார். அம்மா அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

ஜல்லி விஷயம் பொத்தேரி வரைக்கும் போய்விட்டது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. ஓடிப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்து, மாமா எடுக்கவில்லை, நாங்கள்தான் எடுத்தோம், பெரியப்பாவும் மன்னித்துவிட்டார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் பேசுவது எதுவும் அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. அவள் கை மாமாவின் ஈரச்சட்டையை விடவேயில்லை.

"இதுக்காடா உனுக்கு அந்த வேலய உட்டுக் குடுத்தேன்?"

"ஒண்ணும் ஆவலக்கா. பாரு, நல்லாதான கீறேன்" என்றார் மாமா.

தாத்தாவும் இதே பாதையில் கேங்மேன் என்பதோ, பழைய புயல் ஒன்றில் கரை சரிந்த இடத்தில் காவல் நின்றவர் வீடு திரும்பவில்லை என்பதோ, அவருக்குப் பதிலாக வந்த வேலை மூத்த பிள்ளையான அம்மாவுக்கு உரியது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. படிப்பு ஏறாத தன் தம்பி எப்படியாவது பிழைக்கட்டும் என்று அவள்தான் கையெழுத்துப் போட்டு அவரை அதில் சேர்த்துவிட்டு, கரண்டி பிடிக்கப் போயிருக்கிறாள்.

அடுத்த வாரம் அம்மாவோடு செங்கல்பட்டுக்குப் போனேன். வண்டி சின்னப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. நான் ஜன்னலில் தொற்றிக்கொண்டு மாமாவைத் தேடிப் பிடித்துக் கை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அம்மா எதிர்ப்பக்கம் திரும்பி, பாலம் முடிகிறவரைக்கும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மாமாவோடு இன்னும் சண்டை தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.