மூக்கைப் பிடித்த படம்

மகளின் பள்ளியில் ஓவியக் கண்காட்சி. தலைப்பு, மத நல்லிணக்கம். சுவர் நெடுக ஒரே படம்தான்: தொப்பி போட்ட பையன், சிலுவை போட்ட பையன், விபூதி வைத்த பையன், மூவரும் கைகோத்துச் சிரிக்கிறார்கள். பார்க்கவே எரிச்சலாக வந்தது. அப்போது ஜன்னல் வழியே, தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் உள்ளே நுழைந்தது.

ஆறாம் வகுப்பில் எங்கள் டிராயிங் மிஸ்ஸும் இதே தலைப்பைத்தான் கொடுத்தார். முக்காடு போட்ட நஸ்ரினையும், சிலுவைச் செயின் போட்ட ஸ்டெல்லாவையும், பொட்டு வைத்த என்னையும் கைகோத்து நிற்கவைத்து, மற்றவர்களை வரையச் சொன்னார். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த குமாரி, நாங்கள் மூவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக வரைந்திருந்தாள்.

"இன்னாடி இது?" என்றார் மிஸ்.

"என் பக்கம் வந்தா இவங்க இப்டிதான் நிப்பாங்க மிஸ்."

குமாரியின் அப்பா தோல் ஷாப்பில் தோலிலிருந்து சவ்வு சுரண்டுபவர். அதே ஷாப்பில் நஸ்ரினின் அப்பா முதலாளி, ஸ்டெல்லாவின் அப்பா சூப்பர்வைசர், என் அப்பா கிளார்க். எங்கள் மூன்று வீட்டிலும் அந்தத் தோலால்தான் உலை கொதித்தது. ஆனாலும் "நாறுது மிஸ்" என்று சொல்லி அவளைக் கடைசிக்குத் தள்ளியது நாங்கள்தான்.

மிஸ் படத்தைக் கிழித்துப் போட்டார். நாங்கள் சிரித்தோம், கோத்த கையை விடாமலே.

"அந்த ஜன்னல யாராச்சும் சாத்துங்கப்பா, தாங்க முடியல" என்றார் கண்காட்சிக்குப் பரிசு கொடுக்க வந்தவர், கர்சீப்பை மூக்கில் வைத்தபடி.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான்தான். எழுந்துபோய்ச் சாத்தினேன்.