லியொட்டின் மகனும் கனகலிங்கத்தின் மகனும்

போன சனிக்கிழமை மகள் பின்வளவு வேலிக்குப் பெயின்ற் அடித்தாள். தூரிகை கழுவ அவள் திறந்த டர்பன்டைன் போத்தலின் மணம் மூக்கில் ஏறியதும், நான் பிளாக்டவுனில் இருந்த பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வீட்டில் குசினி, குளியலறை எங்கும் இதே மணம்தான். தேத்தண்ணியும் அப்படித்தான் மணக்கும். வீட்டுக்காரர் மக்லியொட், ஆட்களின் முகங்களை வரைகிற ஸ்கொட்லாந்துக்காரர். இந்த நாட்டுக்கு வந்து வேலை கிடைத்த புதிதில் அவருடைய பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். ஆள் கிடைக்காத ஞாயிறுகளில் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிடுவார். அழகுக்காக இல்லை, அசையாமல் இருப்பேன் என்பதற்காக. உண்மையில் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.

ஒருநாள் அவர் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். "லியொட்டின் மகன்" என்றார். லியொட் உங்கள் அப்பாவா என்றேன். தூரிகையை வைத்துவிட்டுச் சிரித்தார். பல நூறு வருசத்துக்கு முந்தி யாரோ ஒருவனுக்கு அப்பாவாம். அந்த மகன் வைத்துக்கொண்ட பெயரைப் பிறகு ஒருத்தரும் கழற்றவில்லை. எங்களில் அப்பாவின் பெயர் ஒரு தலைமுறைதான் ஓடும் என்றேன்.

"பாவம் உங்கள் தாத்தாமார்" என்றார்.

படம் முடிந்ததும் கீழே 'கனகலிங்கம்' என்று எழுதினார். அது என் அப்பாவின் பெயர். இந்த நாட்டில் என் கடைசிப் பெயர் அதுதானே. என் கல்யாணத்துக்கு அந்தப் படத்தையே பரிசாகத் தந்தார். மகள் பிறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பா, எங்கள் வீட்டுச் சுவரில் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"முகம் உன்ர, பேர் என்ரயோ? ஆரடா கீறினது?"

அங்கேயே நின்று சொல்லிவிட்டேன், பிள்ளைக்கும் கடைசிப் பெயர் கனகலிங்கம் என்றே பதியப்போகிறேன் என்று.

"விசரே உனக்கு? பிள்ளைக்குத் தகப்பன்ர பேரெல்லே வரவேணும்."

"இல்லையப்பா, உங்கட பேர் ஓடட்டும்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டு போனார். பிறகு பார்த்தால், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் முன்பின் தெரியாதவர்களை மறித்து, "பேத்தி என்ர பேரைத்தான் கொண்டு திரியப்போறாள்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வெட்கமும் சந்தோசமும்.

இப்போது மகளின் பள்ளிக்கூடத்திலும் வைத்தியரிடமும் நான் மிஸ்டர் கனகலிங்கம். வேலையிடத்தில் அதையும் வெட்டி 'கனா'. மனைவிக்கு 'இஞ்சருங்கோ'. என் சொந்தப் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட மிஞ்சியிருந்த ஒரே ஆள் அப்பாதான். தொலைபேசியில் ஊருக்கே கேட்கிற மாதிரி அதை நீட்டிக் கூப்பிடுவார்.

போன வருசம் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவர் வாயாலும் நான் கேட்கவில்லை.